தொழிற்புரட்சிக் கால பிரிட்டனும் பிரான்ஸும்: ஓட்டு, சட்டம், ஒழுக்கம் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

19ஆம் நூற்றாண்டு ஐரோப்பாவைப் பற்றிப் பேச்செடுத்தால் போதும், இதே சந்தேகங்கள்தான் திரும்பத் திரும்ப வருகின்றன. போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களும் கேட்கிறார்கள், சும்மா ஆர்வத்தில் படிப்பவர்களும் கேட்கிறார்கள். கேட்டவர்களின் வார்த்தையிலேயே கேள்விகளை வைத்திருக்கிறேன். முதல் சில கேள்விகள் அடிப்படையானவை, போகப் போகச் சிக்கலாகும்.

தொழிற்புரட்சின்னா மெஷின் வந்த கதைதானே? அதுல ஓட்டு எங்கே வந்துச்சு?

பிரிட்டனில் மெஷின் மக்களை இடம் மாற்றியது. தொகுதிகள் மட்டும் பழைய இடத்திலேயே கிடந்தன. 1831இல் மான்செஸ்டர், பர்மிங்காம், லீட்ஸ் ஆகிய ஊர்கள் ஒவ்வொன்றிலும் ஒரு லட்சத்துக்கு மேல் மக்கள் இருந்தார்கள். ஆனால் அந்த ஊர்களுக்கென்று ஓர் எம்.பி. கூடக் கிடையாது. அதே நேரத்தில் ஓல்ட் சாரம் என்ற ஆளில்லாத மேட்டுக்கு 2 எம்.பி.க்கள். நிலத்துக்குச் சொந்தக்காரர் யாரைக் காட்டுகிறாரோ அவர்தான் உறுப்பினர். டன்விச் என்ற ஊரின் பெரும்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது, அதற்கும் 2 எம்.பி.க்கள். இப்படிப்பட்ட தொகுதிகள் வெளிப்படையாகவே விலைபோயின.

பிரான்ஸில் பிரச்சினை வேறு. அங்கே பெரிய ஆலைகள் குறைவு, சிறு பட்டறைகளும் விவசாயிகளும்தான் அதிகம். தடையாக நின்றது வரி. 1830க்கு முன் ஆண்டுக்கு 300 பிராங்க் நேரடி வரி கட்டிய ஆண்களுக்கு மட்டுமே வாக்கு. 3 கோடிக்கு மேற்பட்ட மக்களில் சுமார் 1 லட்சம் பேர் அந்தக் கணக்கில் வந்தார்கள்.

1832 சீர்திருத்தச் சட்டத்தோட பிரிட்டன்ல எல்லாருக்கும் ஓட்டு வந்துடுச்சு, அப்படித்தானே?

இல்லை, கிட்டக்கூட வரவில்லை. நகரங்களில் ஆண்டுக்கு 10 பவுண்டு வாடகை மதிப்புள்ள வீட்டிலோ கடையிலோ இருப்பவருக்கு வாக்கு என்று வைத்தார்கள். இங்கிலாந்து, வேல்ஸில் வாக்காளர் எண்ணிக்கை ஏறத்தாழ 4 லட்சத்திலிருந்து 6.5 லட்சமானது. வயது வந்த ஆண்களில் ஐந்தில் ஒருவர் என்று வைத்துக்கொள்ளலாம். கடைக்காரரும் ஆலை முதலாளியும் உள்ளே வந்தார்கள், ஆலைத் தொழிலாளி வெளியேதான் நின்றார்.

சிலருக்கு இது இழப்பாகவும் முடிந்தது. பிரஸ்டன் போன்ற சில ஊர்களில் பழைய வழக்கப்படி சாதாரண உழைப்பாளிகளுக்கும் வாக்கு இருந்தது. 1830இல் அவர்கள் ஹென்றி ஹன்ட் என்ற தீவிரச் சீர்திருத்தப் பேச்சாளரை நாடாளுமன்றத்துக்கு அனுப்பினார்கள். புதிய சட்டம் பழைய வாக்காளர்களின் ஆயுளோடு அந்த உரிமையை முடித்துவைத்தது. ஹன்ட் சட்டத்தை எதிர்த்தார், அடுத்த பொதுத்தேர்தலில் தோற்றார். யார்க்ஷயரைச் சேர்ந்த மேரி ஸ்மித் என்ற பெண், வரி கட்டும் தனக்கு வாக்கு வேண்டும் என்று எழுதிய மனுவை 1832இல் அவையில் வைத்தவரும் இதே ஹன்ட்தான். அவை சிரித்துத் தள்ளியது. வாக்காளர் என்றால் ஆண் என்று சட்டம் தெளிவாக எழுதிவைத்ததும் அதே ஆண்டில்தான். அதுவரை வழக்கமாக மட்டும் இருந்த தடை அப்போது சட்டமானது.

பிரிட்டன்ல ரத்தம் சிந்தாம சீர்திருத்தம், பிரான்ஸ்ல புரட்சி. இப்படித்தானே பாடப்புத்தகத்துல படிச்சோம்?

படித்தோம். எனக்கு இந்தப் பிரிப்பில் நம்பிக்கை இல்லை. 1819 ஆகஸ்ட் 16 அன்று மான்செஸ்டரின் செயின்ட் பீட்டர்ஸ் திடலில் நாடாளுமன்றச் சீர்திருத்தம் கேட்டுச் சுமார் 60,000 பேர் கூடியிருந்த கூட்டத்துக்குள் குதிரைப்படை வாளோடு புகுந்தது. 15 பேருக்கு மேல் இறந்தார்கள், நூற்றுக்கணக்கானோர் காயமடைந்தார்கள். வாட்டர்லூ போரை நினைவூட்டி அதைப் 'பீட்டர்லூ' என்றார்கள். அன்று மேடையில் இருந்த முக்கியப் பேச்சாளர் மேலே சொன்ன ஹன்ட். 1831 அக்டோபரில் பிரபுக்கள் அவை சீர்திருத்த மசோதாவைத் தள்ளியதும் நாட்டிங்ஹாம் கோட்டை எரிந்தது, பிரிஸ்டல் மூன்று நாள் கலவரத்தில் கிடந்தது. 1839 நவம்பரில் வேல்ஸின் நியூபோர்ட்டில் வாக்குரிமை கேட்டுத் திரண்டவர்கள் மேல் ராணுவம் சுட்டதில் 20க்கும் மேற்பட்டோர் செத்தார்கள்.

1832 மே மாதம் இன்னும் சுவாரசியம். சீர்திருத்தத்தை எதிர்த்த வெலிங்டன் கோமகன் ஆட்சி அமைக்கப்போகிறார் என்ற பேச்சு வந்ததும், அவரைத் தடுக்க வங்கியிலிருந்து தங்கத்தை எடுங்கள் என்று சுவரொட்டி ஒட்டினார்கள். மக்களும் இங்கிலாந்து வங்கியில் போய்த் தங்கம் கேட்டு வரிசையில் நின்றார்கள். வெலிங்டன் பின்வாங்கினார். பிரதமர் கிரே மசோதாவைக் கொண்டுவந்ததே புரட்சியைத் தவிர்க்கத்தான், அதை அவர் மறைக்கவும் இல்லை. பக்கத்து நாட்டில் 1830இல் ஒரு ராஜா ஓடியிருந்தார். பிரிட்டிஷ் மேல்தட்டின் நிதானத்துக்குப் பாதிக் காரணம் பாரிஸ் என்பேன்.

1789லயே புரட்சி முடிஞ்சுபோச்சே, அப்புறம் எதுக்கு 1830, 1848, 1871ன்னு வந்துக்கிட்டே இருந்துச்சு?

1789 பிரபுக்களின் சலுகைகளை ஒழித்தது. யார் ஆள்வது என்ற கேள்வியைத் தீர்க்கவில்லை. நெப்போலியனுக்குப் பிறகு பழைய அரச குடும்பம் திரும்பி வந்தது. 1830 ஜூலையில் 10ஆம் சார்லஸ் பத்திரிகைகளை முடக்கினார், வாக்காளர் பட்டியலையும் சுருக்கப் பார்த்தார். மூன்று நாளில் பதவி போனது. அடுத்து வந்த லூயி பிலிப் வரித் தகுதியை 200 பிராங்க் ஆக்கினார். 1848 வாக்கில்கூட வாக்காளர்கள் இரண்டரை லட்சத்தைத் தாண்டவில்லை.

அரசியல் கூட்டத்துக்குத் தடை இருந்ததால் எதிர்க்கட்சியினர் ஒரு வழி கண்டுபிடித்தார்கள்: விருந்து. டிக்கெட் வாங்கிச் சாப்பிட வேண்டியது, இடையிடையே 'வாழ்த்து' என்ற பெயரில் அரசியல் பேச வேண்டியது. 1847 ஜூலையிலிருந்து ஊர் ஊராக இது நடந்தது. 1848 பிப்ரவரி 22 அன்று பாரிஸில் நடக்கவிருந்த விருந்தை அரசு தடை செய்தது. இரண்டு நாளில் லூயி பிலிப்பும் முடியைத் துறந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்டார். 1871 பாரிஸ் கம்யூன், அதாவது பாரிஸ் மக்கள் தாங்களே அமைத்த நகர ஆட்சி, வேறு சூழல்: பிரஷ்யாவிடம் தோற்ற போர், முற்றுகை, பசி எல்லாம் சேர்ந்தது.

1848ல எல்லா ஆம்பளைக்கும் ஓட்டு கிடைச்சதுன்னா, அந்த ஜனங்க ஏன் போய் ஒரு நெப்போலியனையே தேர்ந்தெடுத்தாங்க?

இந்தக் கேள்வியை நிறையப் பேர் ஏளனத்தோடு கேட்கிறார்கள். வாக்களித்தவர்களின் பக்கம் நின்று பார்த்தால் அவ்வளவு புதிர் இல்லை. வாக்காளர் எண்ணிக்கை இரண்டரை லட்சத்திலிருந்து சுமார் 90 லட்சமானது. அதில் பெரும்பாலானவர்கள் விவசாயிகள். குடியரசு அவர்களுக்குக் கொடுத்த முதல் பரிசு 45 சதவீதக் கூடுதல் நேரடி வரி. பாரிஸ் வேலையில்லாதவர்களுக்கான தேசியப் பட்டறைகளுக்குத் தங்கள் காசு போகிறது என்று கிராமங்கள் கொதித்தன. ஜூனில் பட்டறைகளை மூடப் போனபோது பாரிஸ் தொழிலாளர்கள் தெருவில் தடுப்பரண் கட்டினார்கள். ஆயிரக்கணக்கானோர் கொல்லப்பட்டார்கள். ஆக குடியரசு கிராமத்தையும் பகைத்துக்கொண்டது, தொழிலாளியையும் பகைத்துக்கொண்டது. டிசம்பரில் நடந்த குடியரசுத் தலைவர் தேர்தலில் எல்லாருக்கும் தெரிந்த ஒரே பெயருக்கு, பழைய நெப்போலியனின் தம்பி மகன் லூயி நெப்போலியனுக்கு, நான்கில் மூன்று பங்கு வாக்கு விழுந்தது.

அப்புறம் நடந்ததைக் கவனியுங்கள். 1850 மே மாதம் நாடாளுமன்றம் மூன்று ஆண்டுக் குடியிருப்பு நிபந்தனை போட்டு ஏறத்தாழ 30 லட்சம் ஏழைகளின் வாக்கைப் பறித்தது. 1851 டிசம்பர் 2 அன்று ஆட்சியைக் கவிழ்த்த லூயி நெப்போலியன், அந்த வாக்குரிமையைத் திருப்பித் தருவதாக அறிவித்தார். மக்களாட்சியைக் கொன்றவர் வாக்குரிமையை மீட்டவராகவும் நின்றார். பிறகு 20 ஆண்டு, அரசு வேட்பாளர், பொதுவாக்கெடுப்பு என்று அதை வைத்தே ஆண்டார்.

சார்ட்டிஸ்ட்கள் ஜெயிச்சாங்களா தோத்தாங்களா?

உயிரோடு இருக்கும்போது தோற்றார்கள். சார்ட்டிஸ்ட்கள் என்றால் வாக்குரிமை கேட்ட உழைப்பாளிகள் இயக்கத்தினர், அவர்களின் சாசனத்தை (சார்ட்டர்) வைத்து வந்த பெயர். அந்த 1838 சாசனத்தில் ஆறு கோரிக்கைகள்: எல்லா ஆண்களுக்கும் வாக்கு, ரகசிய வாக்கெடுப்பு, எம்.பி. ஆகச் சொத்துத் தகுதி கூடாது, எம்.பி.க்குச் சம்பளம், சம அளவுத் தொகுதிகள், ஆண்டுதோறும் தேர்தல். 1842இல் 33 லட்சம் கையெழுத்தோடு போன மனுவை அவை 287க்கு 49 என்று நிராகரித்தது. 1848 ஏப்ரல் 10 கென்னிங்டன் திடல் கூட்டத்துக்குப் பயந்து லண்டனில் பல்லாயிரம் பேரைத் தற்காலிகப் போலீஸாகச் சேர்த்தார்கள். அப்போது அங்கே அகதியாக இருந்த ஒருவரும் அதில் சேர்ந்தார்: நாம் இப்போது பார்த்த லூயி நெப்போலியன்.

சொத்துத் தகுதி 1858இல் போனது. ரகசிய வாக்கு 1872இலும், ஓரளவு சமமான தொகுதிகள் 1885இலும், சம்பளம் 1911இலும், எல்லா ஆண்களுக்கும் வாக்கு 1918இலும் வந்தன. ஆண்டுதோறும் தேர்தல் மட்டும் வரவில்லை. வராததே நல்லது.

ரகசிய வாக்கு எதுக்கு? நேர்மையா ஓட்டுப் போடுறவனுக்கு என்ன பயம்?

தத்துவவாதி ஜான் ஸ்டூவர்ட் மில்லே ஏறத்தாழ இப்படித்தான் கேட்டார். வாக்கு என்பது பொதுப் பொறுப்பு, அதை ஊரறியச் செலுத்த வேண்டும் என்பது அவர் வாதம். ஆனால் 1872க்கு முன் வாக்காளர் மேடையேறி வேட்பாளர் பெயரை வாய்விட்டுச் சொல்ல வேண்டும், யார் யாருக்குப் போட்டார் என்று அச்சிட்ட புத்தகமே கடையில் கிடைக்கும். வீட்டுக்காரரும் முதலாளியும் அதைப் புரட்டிப் பார்ப்பார்கள். குத்தகையை இழக்கத் தயாராக இருப்பவருக்குத்தான் அங்கே நேர்மை கட்டுபடியாகும்.

முதல் ரகசியத் தேர்தல் 1872 ஆகஸ்டில் பாண்டிஃப்ராக்ட் என்ற ஊரில் நடந்தது. வாக்குப்பெட்டிக்கு அரக்கு முத்திரை வைக்க, உள்ளூர் அதிமதுர மிட்டாய் செய்பவர்களின் அச்சைப் பயன்படுத்தினார்கள். பிரான்ஸில் 1848 முதலே எழுதிய சீட்டுதான். ஆனால் அதை வேட்பாளரின் ஆட்களே கையில் திணிப்பார்கள், காகிதத்தைப் பார்த்தாலே யாருடையது என்று தெரிந்துவிடும். உறையும் மறைவுத் தடுப்பும் வந்தது 1913இல்தான்.

ஆலையில குழந்தைகளை வேலைக்கு வைக்கிறதை நிறுத்துனது இரக்கத்தாலயா?

இரக்கம் கொஞ்சம், தொழிலாளர் போராட்டம் நிறைய. ஆலை முதலாளிகள் மேல் நிலப்பிரபுக்களுக்கு இருந்த எரிச்சலும் உதவியது. 1833 சட்டம் பட்டு ஆலைகள் தவிர்த்த துணி ஆலைகளில் 9 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களைத் தடை செய்தது, 9 முதல் 13 வரை வாரத்துக்கு 48 மணி நேரம் என்று வைத்தது. அதில் முக்கியமான வரி, சம்பளம் வாங்கும் நான்கு ஆய்வாளர்களை நியமித்ததுதான். நாடு முழுக்க நான்கே பேர். ஆனாலும் அவர்களின் அறிக்கைகள்தான் அடுத்த சட்டங்களுக்கு ஆதாரமாயின. குழந்தையின் வயதை எப்படிக் கண்டுபிடித்தார்கள் என்று கேட்கலாம். பிறப்புப் பதிவு 1837இல்தான் தொடங்கியது. அதுவரை மருத்துவர் உயரத்தையும் தோற்றத்தையும் பார்த்துச் சொல்வதுதான் வயது.

பிரான்ஸ் 1841இல் 8 வயது என்று வரம்பு போட்டது. 20 பேருக்கு மேல் வேலை செய்யும் இடங்களுக்கும் எந்திர ஆலைகளுக்கும் மட்டும். ஆய்வு செய்யும் பொறுப்பு ஊர்ப் பெரிய மனிதர்களுக்கு, சம்பளமில்லாமல். அவர்களில் பலர் ஆலை முதலாளிகளின் சொந்தக்காரர்கள், நண்பர்கள். சட்டம் தூங்கியது. சம்பளம் வாங்கும் ஆய்வாளர்கள் 1874இல் வந்தார்கள்.

வொர்க்ஹவுஸ்னா ஏழைகளுக்குச் சோறு போட்ட இடம்தானே, அதை ஏன் திட்டுறாங்க?

சோறு போட்டார்கள், வர மனம் கூசும்படி போட்டார்கள். 1834 ஏழைகள் சட்டத்தின் நோக்கமே அது. வெளியே மிகக் குறைந்த கூலி வாங்குபவரைவிட உள்ளே இருப்பவரின் நிலை மோசமாக இருக்க வேண்டும். கணவன் ஒரு பக்கம், மனைவி ஒரு பக்கம், பிள்ளைகள் வேறு பக்கம். 1845இல் ஆண்டோவர் இல்லத்தில், உரத்துக்காக எலும்பு இடிக்கும் வேலையில் இருந்தவர்கள் பசி தாங்காமல் அந்த எலும்பில் ஒட்டியதைச் சுரண்டித் தின்றது வெளியே வந்து பெரும் சர்ச்சையாக வெடித்தது.

ஏழ்மையை விதியாகவோ ஊரின் பொறுப்பாகவோ பார்த்த காலம் போய், தனி ஆளின் குற்றமாகப் பார்க்கும் காலம் வந்ததற்கு இதைவிடத் தெளிவான சாட்சி இல்லை. 1832இல் வாக்குப் பெற்றவர்களின் முதல் வேலைகளில் ஒன்று இது என்பதையும் மறக்க வேண்டாம்.

சுதந்திரம் பேசுன பிரெஞ்சுப் புரட்சி தொழிலாளர் சங்கத்தை ஏன் தடை பண்ணுச்சு?

அவர்கள் கண்ணில் சுதந்திரம் என்பது தனி மனிதனுடையது. அரசுக்கும் குடிமகனுக்கும் நடுவில் எந்தக் கூட்டமும் நிற்கக் கூடாது என்று 1791 லே ஷப்பெலியே சட்டம் பழைய தொழிற்குழுக்களோடு தொழிலாளர் கூட்டமைப்புகளையும் சேர்த்துத் தடை செய்தது. முதலாளிகளுக்கும் தடைதான், ஆனால் நான்கு முதலாளிகள் இரவு விருந்தில் கூலியைப் பேசி முடிப்பதை எந்தப் போலீஸ் பிடிக்கும்? வேலைநிறுத்தம் 1864இல் குற்றமில்லாமல் ஆனது, சங்கம் 1884இல் சட்டபூர்வமானது.

பிரிட்டன் 1799இல் தடை போட்டு 1824இல் எடுத்துவிட்டது. எடுத்த பிறகும் 1834இல் டால்படல் கிராமத்து விவசாயக் கூலிகள் ஆறு பேரை, சங்கத்தில் ரகசிய உறுதிமொழி எடுத்தார்கள் என்று ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தினார்கள். பெரும் போராட்டத்துக்குப் பிறகே மன்னிப்பு கிடைத்தது.

ஆம்பளைக்கு முதல்ல ஓட்டு கொடுத்த பிரான்ஸ், பொம்பளைக்கு மட்டும் 1944 வரைக்கும் ஏன் இழுத்துச்சு?

முதலில் குடும்பச் சட்டம். 1804 சிவில் சட்டம் மனைவி கணவனுக்குக் கீழ்ப்படிய வேண்டும் என்று எழுதியது. மனைவி தன் சம்பளத்தைத் தானே வைத்துக்கொள்ளும் உரிமை 1907இல் வந்தது. கணவன் எதிர்த்தாலும் வேலைக்குப் போகலாம், வங்கிக் கணக்கு தொடங்கலாம் என்பது 1965இல். பிரிட்டனில் மணமான பெண்ணின் சொத்துரிமை 1882 சட்டத்திலேயே தெளிவாகிவிட்டது.

இரண்டாவது காரணம் கொஞ்சம் சங்கடமானது: தடுத்தவர்களில் முன்னால் நின்றவர்கள் குடியரசுவாதிகள். பெண்கள் பாதிரியார் சொன்னபடி வாக்களிப்பார்கள், குடியரசு கவிழும் என்று அவர்கள் அஞ்சினார்கள். கீழவை 1919 முதல் பலமுறை பெண் வாக்குரிமையை ஏற்றது, செனட் விடவில்லை. 1936இல் பிரதமர் புளூம் மூன்று பெண்களைத் துணை அமைச்சர்களாக்கினார். அவர்களில் நோபல் பரிசு பெற்ற ஐரீன் ஜோலியோ கியூரியும் ஒருவர். மூவருக்கும் வாக்கு இல்லை. 'எல்லாருக்கும் ஓட்டு' என்று 1848இலேயே அறிவித்துவிட்டதால், விடுபட்டவர்கள் கேட்பதை இன்னொரு படியாகப் பார்க்கும் பழக்கம் அங்கே வளரவில்லை என்றும் நினைக்கிறேன். பிரிட்டனில் உரிமை படிப்படியாகத்தான் வந்தது, அதனால் அடுத்த படி எப்போது என்று கேட்க முடிந்தது.

பிரிட்டனையும் ரொம்பப் புகழ வேண்டாம். 1867இல் பெண்களுக்கும் வாக்கு கேட்டு ஜான் ஸ்டூவர்ட் மில் கொண்டுவந்த திருத்தத்துக்கு 73 வாக்குதான் விழுந்தது. அதே ஆண்டு மான்செஸ்டரில் லில்லி மேக்ஸ்வெல் என்ற கடைக்காரரின் பெயர் தவறுதலாகப் பட்டியலில் ஏறிவிட, அவர் போய் வாக்களித்தார். ரகசிய வாக்கு இல்லாத காலம், வேட்பாளர் பெயரை அவரும் எல்லார் முன்னாலும் சொல்லித்தான் வாக்களித்திருக்கிறார். 1918 சட்டமும் 30 வயதான, சொத்துத் தகுதியுள்ள பெண்களுக்கு மட்டும்தான்.

சட்டம் மாறுச்சு சரி, ஜனங்க மனசு மாறுச்சா?

சிலதில் மனம் முந்தியது, சிலதில் சட்டம். பிரிட்டன் 1868இல் பொது இடத்தில் தூக்கிலிடுவதை நிறுத்தியது, பிரான்ஸில் கடைசிப் பொதுக் கில்லட்டின் 1939இல். மானப் பிரச்சினைக்கு வாளெடுக்கும் வழக்கம் இங்கிலாந்தில் 19ஆம் நூற்றாண்டின் நடுவிலேயே கேலிக்குரியதாகிவிட்டது, பிரெஞ்சு அரசியல்வாதிகளும் பத்திரிகையாளர்களும் முதல் உலகப்போர் வரை அதை விடவில்லை. மணவிலக்கைப் பிரான்ஸ் 1792இல் தந்தது, 1816இல் பறித்தது, 1884இல் திருப்பித் தந்தது. இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 1857இல் நீதிமன்ற மணவிலக்கு வந்தது. கணவனுக்கு மனைவியின் கள்ளஉறவு மட்டுமே போதும், மனைவியோ அதோடு கொடுமை போன்ற இன்னொன்றையும் நிரூபிக்க வேண்டும். இது 1923 வரை நீடித்தது.

எனக்குப் பிடித்த உதாரணம் ஞாயிற்றுக்கிழமை. 1814இல் பிரான்ஸ் மதக் காரணத்துக்காக ஞாயிறு வேலையைத் தடை செய்தது. மதத்தை ஓரங்கட்ட வந்த குடியரசு 1880இல் அந்தத் தடையை நீக்கியது, தொழிலாளிக்கு ஓய்வு நாளும் போனது. 1906 மார்ச்சில் கூரியேர் சுரங்க விபத்தில் 1,099 பேர் இறந்தார்கள், வேலைநிறுத்தங்கள் பரவின. அந்த ஜூலையில் வாராந்திர ஓய்வு சட்டமானது. நாள் பழையபடி ஞாயிறுதான், காரணம் மட்டும் கடவுளிலிருந்து உடம்புக்கு மாறியது.

இதுக்கும் நம்ம பக்கத்துக்கும் ஏதாவது நேரடித் தொடர்பு உண்டா?

உண்டு. புதுச்சேரி, காரைக்கால் உள்ளிட்ட பிரெஞ்சிந்தியா மூன்றாம் குடியரசுக் காலத்தில் (1870–1940) பாரிஸ் நாடாளுமன்றத்துக்கு உறுப்பினர் அனுப்பியது. 1881 ஆணைப்படி ஒருவர் தம் சாதி, சமயச் சட்டத்தைத் துறந்து பிரெஞ்சு சிவில் சட்டத்துக்குள் வரலாம். ஐரோப்பியக் காலணியோடு நீதிமன்றம் போக உரிமை கேட்டு வழக்காடிய வழக்கறிஞர் பொன்னுத்தம்பிப் பிள்ளை அந்த இயக்கத்தில் முன்னின்றவர். ஆனால் சமத்துவம் தேடிப் போன குடும்பங்களின் பெண்களுக்கு, மேலே சொன்ன அந்தக் கீழ்ப்படிதல் பிரிவும் சேர்ந்தே வந்தது.

இலங்கையில் 1931இல் 21 வயதான ஆண், பெண் இருபாலருக்கும் வாக்கு வந்தது, பிரான்ஸுக்கு 13 ஆண்டு முன்னால். மலையகத் தோட்டத் தொழிலாளர்களுக்கு மட்டும் வசிப்பிட நிபந்தனைகள் குறுக்கே நின்றன. யாழ்ப்பாணத்தில், இது சுயராஜ்யம் இல்லை என்று இளைஞர் காங்கிரஸ் அந்தத் தேர்தலையே புறக்கணிக்க வைத்தது.

சரி, பிரிட்டன்ல கடைசியா ஆளுக்கு ஒரு ஓட்டு எப்போ வந்துச்சு?

பெண்களுக்கு ஆண்களுக்குச் சமமான வயதில் வாக்கு 1928இல். ஆனால் அப்போதும் ஆளுக்கு ஒன்று இல்லை. பட்டதாரிகளுக்குப் பல்கலைக்கழகத் தொகுதியில் இன்னொரு வாக்கு, வேறு ஊரில் தொழில் நடத்துபவருக்கு அங்கே இன்னொரு வாக்கு. இரண்டையும் 1948 சட்டம்தான் ஒழித்தது, 1950 பொதுத்தேர்தலில் அது நடைமுறைக்கு வந்தது. வட அயர்லாந்தின் உள்ளாட்சித் தேர்தல்களில் 1960களின் இறுதிவரை தொழில் நடத்துபவர்களுக்குக் கூடுதல் வாக்கு இருந்தது. லண்டனின் பழைய வணிகப் பகுதியான 'சிட்டி'யின் மாமன்றத் தேர்தலில், அங்கே இயங்கும் நிறுவனங்கள் நியமிக்கும் ஆட்களுக்கு இன்றைக்கும் வாக்கு உண்டு.